பிரம்பு நாற்காலியைக் குளிப்பாட்டாதீர்கள்

தீபாவளி முடிந்த கையோடு ஊறி உப்பிய பிரம்புச் சாமான்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்துவிடும். இந்த முறை ஒரு கூடை ஊஞ்சல். சீர்காழி பக்கம் தைக்காலில் ஆசையாக வாங்கியதாம். வருஷாவருஷம் மொட்டை மாடியில் வைத்து, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, பைப்பில் தண்ணீர் அடித்து, மதிய வெயிலில் காயவைப்பார்களாம். மூட்டுக் கட்டுகள் தளர்ந்து, உள்ளே ஆணியெல்லாம் துரு.

கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "நீங்களே தண்ணியில ஊறப்போட்டுத்தானே பின்னுறீங்க?" ஆமாம், ஊறப்போடுகிறோம், நார் ஒடியாமல் வளைவதற்காக. ஈரத்தோடு இழுத்துப் பின்னினால் காயும்போது அது சுருங்கி இறுகும், உங்கள் எடையைத் தாங்குவது அந்த இறுக்கம்தான். பின்னி முடித்ததை மறுபடி ஊறவைத்தால் நார் இளகும், அந்த நேரம் பார்த்து ஒருவர் உட்கார்ந்தால் தொய்ந்து, தொய்ந்தபடியே காய்ந்துவிடும். மூட்டுக் கட்டுக்குள் போன தண்ணீரோ சீக்கிரம் வெளியே வராது, கரும்பூசணம் பிடிக்கும். நாங்கள் ஊறவைப்பது நாரை, நாற்காலியை இல்லை சாமி!

பிரம்பு மாதிரி செய்த பிளாஸ்டிக் பின்னல் என்றால் தாராளமாகக் கழுவுங்கள். எது என்று தெரியவில்லையா, அடியில் அறுந்த நுனியைப் பாருங்கள், நார்நாராகப் பிரிந்தால் அசல்.

அசலுக்கு வாரம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். அழுக்கு இருந்தால், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு கலந்த தண்ணீரில் துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள், நிழலில் ஃபேன் காற்றில் காயட்டும், முழுசாகக் காயும்வரை யாரும் உட்கார வேண்டாம். பிளீச்சிங், ஆசிட் எல்லாம் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பிசுபிசுவென்று தூசியைத்தான் சேர்க்கும். வீடு துடைக்கும்போது கொஞ்சம் நகர்த்தி வையுங்கள், ஈரத்தரையில் நிற்கும் கால்கள் தண்ணீரை உறிஞ்சும். ரப்பர் புஷ் போட்டால் இன்னும் நல்லது. மேலே ஏறி நின்று ஃபேன் துடைக்கிற ஆட்களுக்கு என்ன சொல்ல, எனக்குத்தான் வரும்படி.

அடியில் மாவு மாதிரி தூள் கொட்டுகிறதா? உளுக்கிறது. தயவுசெய்து வார்னிஷ் அடித்து ஓட்டையை மூடாதீர்கள், வண்டு உள்ளேதான் இருக்கிறது. மற்ற மரச்சாமான்களிடமிருந்து தள்ளிவைத்துவிட்டு உடனே ஒரு பிரம்பு வேலைக்காரரைக் கூப்பிடுங்கள், கால் உள்ளே பொடியான பிறகு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.