ஒட்டு நெல் விதைத்தவர் காலிப் பையைத் தூக்கி எறியக் கூடாது

குமரி மாவட்டத்தில் கன்னிப்பூவுக்கு (முதல் போகம்) நாற்றங்கால் போடும் சமயத்தில் தோவாளை, அகஸ்தீசுவரம் பக்கத்து விதைக்கடைகளில் இந்தப் பேச்சு காதில் விழும்: "வீரிய ஒட்டு ரகம், நோய் தாங்கும், மழைக்குச் சாயாது." தாங்கலாம். தாங்காவிட்டால்?

முதலில் செலவுக் கணக்கு. ஒட்டு நெல் விதை ஏக்கருக்கு 8 கிலோ போதும். சாதாரண குறுகிய கால ரகத்துக்கு 24 கிலோ. ஆனால் கிலோ விலை பல மடங்கு. அம்பை 16, திருப்பதிசாரம் 5 போன்ற சாதாரண ரகங்களைப் போல அறுத்ததில் எடுத்து வைத்து கும்பப்பூவுக்கு (அடுத்த போகம்) விதைக்கவும் முடியாது. சட்டம் தடுப்பதில்லை, பயிர்தான் தடுக்கிறது: அந்த நெல்லை விதைத்தால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முந்திக் கதிர் விடும். ஒவ்வொரு பூவுக்கும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

சரி, வாங்குகிறீர்கள். பையில் நீலச் சீட்டு இருந்தால் சான்று பெற்ற விதை. பச்சைச் சீட்டு என்றால் தரத்துக்கு விற்பவரே பொறுப்பு. எதுவானாலும் நெல்லுக்கு முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காலாவதி தேதியையும் பாருங்கள். ரகம், குவியல் எண் (பையில் இருக்கும் லாட் நம்பர்) எழுதிய பில் கேளுங்கள். "தெரிஞ்ச கடைதானே" என்று விட்டுவிடுகிறோம், அங்கேதான் வழக்கு தோற்கிறது.

பயிர் பொய்த்து, விதையில்தான் குறை என்று பட்டால், உழுது அழிக்கும் முன் விதை ஆய்வாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தில் வழி சொல்வார்கள். விதை விதிகளின்படி அவர் கேட்டு வாங்குவது மூன்று: சீட்டு, பை, மிச்ச விதை. நம் வீடுகளில் காலிப் பை அன்றைக்கே மிதியடியாகிவிடும்! அறுவடை வரை ஒரு பிடி விதையோடு பரணில் கிடக்கட்டும்.

இழப்பீட்டுக்கு நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விதைக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 2001ம் ஆண்டு உழவர் உரிமைச் சட்டப்படி பதிவான ரகமாக இருந்தால், சொன்ன விளைச்சல் தராததற்கு டெல்லியில் உள்ள பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையத்திலும் இழப்பீடு கேட்கலாம். நமக்கு நாகர்கோவில்தான் பக்கம்.

பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துப் பயிர் செய்பவரா? வயல்காரர் பெயரில் பில் போடாதீர்கள். விதை வாங்கியவர் நீங்கள்தான் என்று நுகர்வோர் ஆணையத்தில் காட்ட உங்கள் பெயரில் உள்ள பில் உதவும்.