பல் பிடுங்கிய அன்றே இம்ப்ளான்ட்: மூன்றாவது வாரத்தில் என்ன நடக்கிறது?

"பல்லைப் பிடுங்கிய கையோடு அதே குழியில் இம்ப்ளான்ட் வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். ஆறாத புண்ணில் வைத்தால் ஆடாதா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். கூடவே, மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா என்றும். போகாது. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்தப் பயத்தில் சீழ் வைத்த பல்லோடு வருடக்கணக்கில் அவதிப்படுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். இம்ப்ளான்ட் என்பது செயற்கைப் பல்லைத் தாங்குவதற்காக, வேருக்குப் பதில் தாடை எலும்பில் வைக்கும் ஒரு டைட்டானியம் திருகு. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை ஸ்வீடன் மருத்துவ ஆய்வாளர் பிரோனமார்க் 1950களில் முயல்களிடம் கவனித்தார். 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தார். ஆனால் எலும்பு அப்படி ஒட்ட வாரங்கள், மாதங்கள் ஆகும். முதல் நாள் திருகைத் தாங்குவது வெறும் இறுக்கம்தான். குழி பல் வேரின் வடிவத்தில் இருப்பதால் சுற்றிலும் திருகோடு பொருந்தாது. எனவே குழியின் அடியைத் தாண்டி 3 முதல் 5 மில்லிமீட்டர் துளைத்து, அங்குள்ள எலும்பில் மரை கடிக்கும்படி வைப்பார்கள். துளையும் திருகைவிடச் சற்றுச் சிறிதாகவே இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். துளைத்ததில், நெருக்கியதில் அடிபட்ட எலும்பை உடல் அப்படியே விட்டுவைக்காது. எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து அதை அரிக்கின்றன. பின்னாலேயே இன்னொரு வகைச் செல்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. பழைய பிடி தளர்கிறது, புதுப் பிடி இன்னும் முழுதாக வரவில்லை. ஆக, வைத்த அன்று உறுதியாக இருந்த இம்ப்ளான்ட் இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் சற்றுப் பலவீனமாகி, அப்புறம்தான் வலுப்பெறுகிறது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இன்றைய திருகுகளில் இந்தச் சரிவு குறைவு.

இதை அளக்கவும் முடியும். திருகின் மேல் சின்னக் காந்தக் குச்சி ஒன்றைப் பொருத்தி, தொடாமலே காந்தத் துடிப்பால் அதிர வைக்கிறார்கள். தம்புராவின் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுவதுபோல, பிடி இறுகினால் அதிர்வெண் ஏறும். கருவி அதை 1 முதல் 100 வரை ஓர் எண்ணாகக் காட்டும். 70ஐத் தாண்டினால் நல்ல உறுதி. 60க்குக் கீழே என்றால் அதன் மேல் பல் வைக்கப் பொறுத்திருக்க வேண்டும்.

அந்தப் பலவீனமான வாரங்களில் திருகு ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் திரும்பத் திரும்ப அசைந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசு சூழ்ந்துவிடும். பிறகு அது ஒட்டவே ஒட்டாது. அன்றே திருகு வைப்பது வேறு, அன்றே அதன் மேல் மெல்லும் பல் வைப்பது வேறு என்பது இதனால்தான். "ஒரே நாளில் பல்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பெரிய எழுத்தில் போட்டால் தேவலை. மேல் தாடையின் கடைவாய்ப் பகுதியில் எலும்பு மென்மையானது. அங்கே சில மாதம் காத்திருக்கச் சொல்லும் டாக்டரை மாற்ற வேண்டாம். வலியும் வீக்கமும் ஒரு வாரத்தில் போய்விடும். முறுக்கு கடிக்கத் தைரியம் வருவது மூன்றாவது வாரத்தில். அதை வாயின் மறுபக்கத்தில் கடியுங்கள்.