சளி போன பிறகும் மூச்சு வாங்குகிறதா?

சளி பிடித்தால் கைக்குழந்தைக்கு மூச்சு வாங்கும், சளி போனதும் சரியாகிவிடும். அப்படிச் சரியாகாத குழந்தைகளும் இருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை, மூக்கொழுகல் இல்லை, ஆனாலும் வாரக்கணக்கில் வேக மூச்சு. செந்தூலிலிருந்தும் பத்துமலையிலிருந்தும் வரும் பெற்றோர் பலர் அதற்குள் இரண்டு மூன்று கிளினிக் ஏறி இறங்கியிருப்பார்கள். எல்லா இடத்திலும் நெபுலைசர்தான், ஆஸ்துமாவாக இருக்கலாம் என்ற பதில்தான். சில குழந்தைகளுக்கு அது அரிய நுரையீரல் நோயாகவும் இருக்கலாம்.

குழந்தை நன்றாகத் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, அதற்குப் பிறகு ஒரு வயது வரை 50 என்ற அளவைத் தொட்டால் அது வேக மூச்சு. விலாவுக்கு இடையே தோல் உள்ளே இழுக்கிறதா? பால் குடிக்கும்போது விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறதா? கைப்பேசியில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ முனகினாலோ காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

வேக மூச்சு நீடித்தால், குழந்தைகளுக்கான நுரையீரல் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இருக்கிறார்கள். இதயக் கோளாறு, பால் புரையேறுதல், நோய் எதிர்ப்புக் குறைபாடு ஆகியவை இல்லை என்று முதலில் உறுதிசெய்வார்கள். அப்புறம்தான் சிடி ஸ்கேன், மரபணுச் சோதனை. நெஹி (NEHI) என்ற, கைக்குழந்தைகளுக்கு வரும் அரிய நுரையீரல் நோயில், வலது நுரையீரலின் நடுமடலும் இடது நுரையீரலில் லிங்குலா என்ற பகுதியும் ஸ்கேனில் மங்கலாகத் தெரியும். அந்தத் தோற்றம் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் நுரையீரலில் சதை எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. நுரையீரலின் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளின் மரபணுக் கோளாறுகள் வேறு வகை, சில மிகக் கடுமையானவை. அதனால்தான் நோயின் பெயர் தெரிவது முக்கியம்.

நெஹிக்கு ஸ்டீராய்டு பெரிதாக உதவாது. வீட்டில் ஆக்சிஜன், நல்ல எடை, தடுப்பூசி, இவைதான் சிகிச்சை. “ஆக்சிஜன் வச்சா பழகிடும்யா” என்று பாட்டிமார் பயப்படுவார்கள். பழகாது, பாட்டி. ஆக்சிஜன் குறைந்தால் குடிக்கும் பாலின் சத்தெல்லாம் மூச்சு விடவே செலவாகி, எடை ஏறாது. பெரும்பாலான நெஹி குழந்தைகள் வளர வளரத் தேறி ஆக்சிஜனை விட்டுவிடுகிறார்கள்.

குளிப்பாட்டிய பின் சாம்பிராணி காட்டுவதை நிறுத்துங்கள். கொசுவர்த்தி, சிகரெட் கூடவே கூடாது. புகைமூட்ட நாட்களில் சன்னலைச் சாத்தி வையுங்கள். ஆக்சிஜன் இருக்கும் அறையில் சாமி விளக்கு ஏற்ற வேண்டாம், தீ சட்டென்று பரவும். ஃபுளு ஊசியைக் குழந்தைக்கு 6 மாதம் முடிந்ததும் போடலாம். வீட்டுப் பெரியவர்கள் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.