மாஃபிக்: ஊர்ப்பெயரை வெட்டிச் செய்த வினைச்சொல்

ஆங்கில அகராதிகளில் 'மாஃபிக்' என்றொரு வினைச்சொல் கிடக்கிறது. பேச்சில் இன்று யாரும் எடுப்பதில்லை. போர் வெற்றிச் செய்தி கேட்டுத் தெருவில் இறங்கிக் கூச்சலும் கும்மாளமுமாகத் திரிவது என்று பொருள்.

தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு (அங்கே குடியேறிய டச்சு வழிவந்தவர்கள்) பிரிட்டன் நடத்திய போரில் பிறந்த சொல் இது. மாஃபெகிங் என்ற சிற்றூரைப் போயர் படை 1899 அக்டோபர் 13 முதல் 217 நாள் முற்றுகையிட்டது. லண்டன் பத்திரிகை நிருபர்கள் சிலர் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். டெய்லி மெயிலுக்குச் சாரா வில்சன் சீமாட்டி எழுதினார். அந்த டிசம்பரில் ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் பிரிட்டிஷ் படை தோற்றதில் நொந்திருந்த வாசகர்களுக்குத் தளபதி பேடன் பவல் (ஆமாம், பின்னாளில் சாரணர் இயக்கம் தொடங்கியவரேதான்) தாக்குப்பிடித்த கதை நல்ல தொடர்கதையாக வாய்த்தது. முற்றுகை முறிந்த செய்தி 1900 மே 18 இரவு ராய்ட்டர் செய்தி நிறுவனம் வழியாக வந்ததுதான் தாமதம், லண்டனே தெருவுக்கு வந்துவிட்டது.

அந்த ஆண்டே பத்திரிகைக்காரர்கள் ஊர்ப்பெயரின் 'இங்' என்ற வாலை ஆங்கில விகுதியாகப் பாவித்து நறுக்கி, கேலியாக ஒரு வினையைச் செய்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பகுதி மக்கள் பேசும் ட்ஸ்வானா மொழியில் 'மஃபிகா' என்றால் பாறைகள். கடைசியில் வருவது நம் 'இல்' போன்ற இடப்பொருள் உருபு. 'பாறைகளிடையே' என்பதுதான் அந்த ஊரின் பெயர்.

அந்த ஊர்க்காரர்களான பரோலாங் மக்களும் முற்றுகைக்குள் இருந்தார்கள். கறுப்பினத்தவருக்கு ரேஷன் குறைக்கப்பட்டுப் பலர் பட்டினியில் செத்தார்கள். அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த சோல் பிளாட்கி எழுதிய நாட்குறிப்பு 1973-இல்தான் அச்சேறியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'போர்வெறி' ஒத்துவராது. அது ஜிங்கோயிசத்துக்குப் பொருந்தும். சண்டைக்கு முன்னால் ஏறும் சூடு. இது செய்தி வந்த பிறகு ஆடும் ஆட்டம். தொல்காப்பியத்தின் வெட்சித் திணையில் 'உண்டாட்டு' என்ற துறை இருக்கிறது: ஆநிரை கவர்ந்து வந்த வீரர்கள் கள்ளுண்டு களிப்பது. அழகான சொல்தான், ஆனால் அங்கே ஆடுகிறவன் களத்துக்குப் போய்வந்தவன். லண்டனில் ஆடியவர்கள் பேப்பர் படித்தவர்கள். 'வெற்றிக் களியாட்டம்' என்றால் மூலச்சொல்லில் உள்ள நக்கல் போய்விடுகிறது. "என்ன கூத்தடிக்கிறாங்க!" என்று நாம் முகம் சுளிக்கும்போது அது முழுசாக வந்துவிடுகிறது. ஆகவே நான் எழுதினால் 'வெற்றிக் கூத்தடித்தல்' என்றே எழுதுவேன்.