புதிய டக் என்றால் கவிழாதா?

பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துத் திருப்பும் சிறிய இழுவைப் படகுதான் டக். புதிதாகக் கட்டப்பட்ட டக் ஒன்று, சரக்குக் கப்பலின் முகப்பில் கயிறு கட்டி, அதைப் பார்த்தபடி அதன் முன்னால் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது கப்பலின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் குறுக்கே திரும்பி, தளத்தின் விளிம்பு நீரில் அமிழும் அளவுக்குச் சாய்ந்தது. கப்பலுக்குத் துறைமுகத்தில் வழிகாட்டும் பைலட் உடனே அதன் வேகத்தைக் குறைத்ததால் ஆட்கள் பிழைத்தனர். "360 டிகிரியும் சுழலும் புரொப்பல்லர் இருக்கும்போது இது எப்படிக் கவிழும்?" என்று அந்த டக்கின் தலைவரான மாஸ்டர் கேட்டார். இதே கேள்வியைப் பல துறைமுகங்களில் கேட்டுச் சலித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

டக்கைக் கவிழ்ப்பது அதன் எஞ்சின் மட்டுமல்ல. கயிற்றின் மறுமுனையில் ஓடும் கப்பலும் ஓடுகிற நீரும் சேர்ந்தே கவிழ்க்கின்றன. டக் குறுக்கே திரும்பிவிட்டால் அதன் உடலை நீர் தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) என்பதிலிருந்து 6 நாட் ஆனாலே அது இரண்டேகால் மடங்காகிறது. முகப்பில் பின்னோக்கி ஓடும் டக்குக்கோ, கப்பலுக்கு முன்னால் நிற்பதற்கே எஞ்சின் சக்தியில் பெரும்பகுதி செலவாகிவிடுவதால், நிலை தவறினால் திருத்திக்கொள்ள மிச்சம் இருப்பது குறைவு. மேலும், 24 மீட்டர் நீளமே உள்ள இன்றைய டக்குகள் 70 டன் வரை இழுக்கின்றன. புரொப்பல்லர் நீருக்கடியிலும் கயிறு தளத்துக்கு மேலும் இருப்பதால், பக்கவாட்டில் கொடுக்கும் அதே சக்தி டக்கையே சாய்க்கும். கூடுதல் சக்தி பாதுகாப்பு ஆகாது.

கயிற்றை மாட்டும் ஹூக் (கொக்கி) வைத்த பழைய டக்கை வாழ்நாளெல்லாம் ஓட்டியவரிடம், சுழலும் புரொப்பல்லர்களை இயக்கும் இரண்டு நெம்புகோல்களைக் கொடுத்து, கப்பல் இல்லாத இடத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டு வேலைக்கு அனுப்புவதை உரிமையாளர்கள் நிறுத்த வேண்டும். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்கே போகும். சிமுலேட்டரிலும், தேர்ந்த மாஸ்டர் அருகில் நிற்க உண்மையான கப்பல்களிலும் பழகிய பிறகே அவரிடம் தனியாக ஒப்படையுங்கள்.

2007 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றில் பனிமூட்டத்தில் கவிழ்ந்த 'ஃப்ளையிங் ஃபாண்டம்' டக்கில் மூவர் இறந்தனர். கயிற்றை விடுவிக்கும் அவசர ஏற்பாடு இருந்தும் அது கவிழ்வதைத் தடுக்க முடியவில்லை. ஆகவே அந்தப் பொத்தானைத் தளர்ந்த கயிற்றில் அழுத்திப் பார்த்து நோட்டில் 'சரி' என்று எழுதாதீர்கள். இழுவிசை இருக்கும்போது எத்தனை விநாடியில் விடுகிறது என்று பாருங்கள். எஞ்சின் அறை வெக்கையைத் தாங்க முடியாது என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் டக் சாய்ந்தால் நீர் உள்ளே புகாதபடி, கயிறு கட்டியிருக்கும் நேரத்தில் தளத்துக் கதவுகளைத் தயவுசெய்து மூடி வையுங்கள்.

பைலட் நண்பர்களே, 2010இல் நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலண்ட் அருகே 'ஃபேர்பிளே 22' கவிழ்ந்து இருவர் இறந்தது, ஓடிக்கொண்டிருந்த கப்பலின் முகப்பில் கயிறு கட்ட முயன்றபோதுதான். முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு டக்கை முகப்புக்கு அழையுங்கள். எத்தனை நாட் வரை தாங்கும் என்று மாஸ்டரிடம் கேளுங்கள்; அவர் "போதும்" என்று சொன்னால் அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.