புங்கமரத்தடிக்குப் போங்கள், இன்ஹேலர் பம்பும் பையில் இருக்கட்டும்

மன்னார்குடிப் பக்கம் நெல் அரவை மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்த பெரியவர் அவர். பீடியும் தவிட்டுத் தூசியும் சேர்ந்து நெஞ்சைக் கெடுத்துவிட்டன. போன சித்திரையில் கொடைக்கானலில் மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தார். "பைன் மரத்துக்குள்ள நடந்தா நெஞ்சு லேசா இருந்துச்சு டாக்டர். இங்க வந்து இறங்குன மறுநாளே இழுக்குது. அந்தக் காத்துலயே மருந்து இருக்குதாமே, நெசமா?"

ஓரளவுக்கு நிஜம்தான் என்றேன். அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பூச்சியையும் பூஞ்சையையும் அண்டவிடாமல் இருக்க மரங்கள் எளிதில் ஆவியாகும் பொருள்களை வெளிவிடுகின்றன. இவற்றுக்குப் பைட்டான்சைடு என்று பெயர். ஆல்ஃபா பைனீன், லிமோனீன் எல்லாம் இந்த வகைதான். நாரத்தை இலையைக் கசக்கினால் சுள்ளென்று மூக்கில் ஏறுகிறதே, அதில் இவை இருக்கின்றன. மூச்சோடு உள்ளே போய், நுரையீரல் காற்றுப்பைகளின் மெல்லிய சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலக்கின்றன. காட்டில் நடந்துவிட்டு வந்தவர்களின் ரத்தத்தில் பைனீன் கூடியிருப்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

ஜப்பானில் 1982இலேயே வனத்துறை இதற்கு ‘வனக்குளியல்’ என்று பெயர் வைத்துவிட்டது. அங்கே சிங் லி என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் 12 ஆண்களை மூன்று நாள் காட்டுக்கு அழைத்துப்போனார். வைரஸ் தொற்றிய செல்களையும் புற்றுச்செல்களையும் அழிக்கும் ‘இயற்கைக் கொல்லி’ வெள்ளணுக்களின் வேகம் சுமார் 50 சதவீதம் கூடியிருந்தது. நடையால் வந்ததா, வாசனையால் வந்ததா? அதையும் அவர் விடவில்லை. இன்னொரு 12 பேரை மூன்று இரவு ஓட்டல் அறையில் தங்கவைத்து, ஹினோகி மர எண்ணெயை ஆவியாக்கி அறையில் விட்டார். மரத்தைப் பார்க்காமலே அந்த அணுக்களின் வேகம் கூடியது, சிறுநீரில் அட்ரினலின் குறைந்தது.

ஆனால் ஒவ்வொரு முறையும் 12 பேர்தான், அதுவும் நோயில்லாதவர்கள். ஜப்பானின் 24 காடுகளில் 280 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் மனஅழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் நன்றாகக் குறைந்தது. ரத்த அழுத்தம் குறைந்ததோ 2 சதவீதத்துக்கும் கீழே. அதாவது 150 இருந்தால் 147, 148. அதை நம்பி மாத்திரையை நிறுத்த முடியாது. பெரியவருக்குக் கொடைக்கானலில் நெஞ்சு லேசானதற்கு அங்கே இருந்த வாசனை கொஞ்சம் காரணமாக இருக்கலாம். அங்கே இல்லாத தூசியும் புகையும்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

டெல்டாவில் பைன் ஏது? ஆனால் வாய்க்கால் ஓரத்தில் நொச்சி இருக்கிறது, சிவன் கோயில் நந்தவனத்தில் வில்வம் இருக்கிறது, கொல்லையில் மாவும் நாரத்தையும் இருக்கின்றன. எல்லாம் இதே குடும்பத்துப் பொருள்களை வெளிவிடுபவை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போனால் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் சேற்றின் கந்தக வாடை. அங்கே கிடைப்பது கடற்காற்றும் அமைதியும், அதுவும் நல்லதுதான். கோடியக்கரையில் பாலை மரங்களுக்கு நடுவே நடந்து பாருங்கள், நிழலே வேறு மாதிரி இருக்கும்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கம் ஊர் ஊராக மரங்கள் சாய்ந்தன. தென்னையைக் கணக்கெடுத்தோம், அது வயிற்றுப்பாடு. குளக்கரைப் புங்கையையும் புன்னையையும் யார் கணக்கெடுத்தார்கள்? காலையில் அந்த நிழலில் நடந்த வயசாளிகள் இன்று மெயின் ரோட்டு ஓரத்தில் பஸ் புகைக்குள் நடக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. வண்டிப் புகையோடு வெயிலில் மரம் விடும் ஆவியும் சேர்ந்தால் நெஞ்சுக்கு ஆகாத ஓசோனும் நுண்துகளும் உண்டாகும். நடக்க ரோட்டைவிட்டு உள்ளே தள்ளிப் போங்கள்.

மூச்சிரைப்பு உள்ளவர்கள் மார்கழியில் விடிவதற்கு முன் கிளம்ப வேண்டாம். குப்பை எரித்த புகை பனியோடு தரையை ஒட்டியே படுத்திருக்கும். வெயில் ஏறி எட்டு மணிக்கு மேல் போனால் போதும். பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஓடினால் அன்றைக்கு வேறு பக்கம் நடங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மரவாசனை நல்லதென்று கேட்டதும் சிலர் யூக்கலிப்டஸ் தைலமும் கற்பூரமும் வாங்கி, சளி பிடித்த கைக்குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் தேய்க்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு, வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் ஒரு பாட்டி. பிள்ளையின் சட்டையெல்லாம் கற்பூர வாசனை. பிழைத்துவிட்டது. காட்டுக் காற்றில் இந்தப் பொருள்கள் இருப்பது மிகமிகக் குறைந்த அளவில், சீசாவில் இருப்பது பல மடங்கு. கற்பூரமும் யூக்கலிப்டஸ் எண்ணெயும் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடியவை.

பெரியவர் இப்போது கோயில் நந்தவனத்தில் தினமும் அரைமணி நேரம் நடக்கிறார். போன வாரம் வந்தவர், "இனி இன்ஹேலர் பம்பை விட்டுடலாமா டாக்டர்?" என்றார். விடக்கூடாது அய்யா, காலையில் ரெண்டு பஃப் இழுத்து வாய் கொப்பளித்துவிட்டுக் கிளம்புங்கள், அவசரத்துக்கு இழுக்கும் நீலப் பம்பு சட்டைப்பையில் இருக்கட்டும் என்று சீட்டில் எழுதிக்கொடுத்தேன்.