முதல் வெப்சைட்: டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

துணிப்பை தைத்து விற்கும் ஒரு பெண் என்னிடம் வந்தார். அவருடைய வெப்சைட்டைத் திறந்தால் சம்பந்தமே இல்லாத ஒரு விளம்பரப் பக்கம் வருகிறது, சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார். டொமைனின், அதாவது தளத்தின் முகவரிப் பெயரின், பதிவைத் தேடிப் பார்த்தேன். காலாவதியாகி, வேறு யாரோ அதை எடுத்திருந்தார்கள். தளத்தைச் செய்துகொடுத்தவர் டொமைனைத் தன் கணக்கில், தன் இமெயிலில் பதிவு செய்திருக்கிறார். பிறகு அந்தத் தொழிலையே விட்டுவிட்டார். போன் நம்பரும் மாறிவிட்டது. மூன்று வருடமாக விசிட்டிங் கார்டு, பில், பை லேபிள் என எல்லாவற்றிலும் அச்சான பெயர் அது. "காசு கொடுத்தது நான்தானே, எப்படி என்னுடையது இல்லாமல் போகும்?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

கையில் பணம் குறைவாக வைத்துக்கொண்டு தொடங்குபவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. ஒரு தொகையைப் பேசி, "எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். டிசைன் சரியில்லை என்றால் அடுத்த வருடம் மாற்றலாம். ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம், மெதுவாக இருந்தால் வேறு இடத்துக்குப் போகலாம். டொமைன் கைநழுவினால் மட்டும் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை.

டொமைனை யாரும் நிரந்தரமாக வாங்குவதில்லை. அது குத்தகை மாதிரி. டாட் காம் பெயர்களை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 வருடத்துக்குத்தான் பதிவு செய்ய முடியும். முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் டொமைன் பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதி. அந்த நினைவூட்டல் பதிவில் உள்ள இமெயிலுக்குத்தான் போகும். அந்தப் பெண்ணுக்கு ஒன்றுகூட வரவில்லை. காலாவதியான பிறகும் சில நாட்கள் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கப் பல நிறுவனங்கள் இடம் தருகின்றன. பெயர் அழிக்கப்பட்டால்கூட, டாட் காமுக்கு 30 நாட்கள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம்தான் மிக அதிகம். அதன்பின் 5 நாட்கள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். டாட் இன் போன்ற, நாடுகளுக்கான டொமைன்களில் இந்தக் கணக்கு மாறும். எதுவாக இருந்தாலும், மீட்கும் உரிமை பதிவில் பெயர் உள்ளவருக்குத்தான்.

அதனால் முதல் வேலையாக டொமைனை நீங்களே உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். பத்து நிமிட வேலை. உங்கள் பெயர், உங்கள் போன் நம்பர், உங்கள் இமெயில். இன்னொன்று: அந்தக் கணக்குக்கு, அதே டொமைனில் உருவாக்கிய இமெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றுபோனால் அந்த இமெயிலும் சேர்ந்து நின்றுவிடும், பாஸ்வேர்டை மீட்கக்கூட வழியிருக்காது. விவரமானவர்களே இந்தத் தவறைச் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

சரி, பணம் எங்கே மிச்சமாகும்? விளம்பரத்தில் தெரியும் விலை முதல் வருடத்துக்கு மட்டும் என்பது வழக்கம். இரண்டாம் வருட ரினியூவல் தொகையைத் தேடிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சிறு தளத்துக்கு, பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் அதை இலவசமாகத் தருகிறது, பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைச் சேர்த்தே கொடுக்கின்றன. அது இல்லாமல் தளம் நடத்தவும் கூடாது: 2018 ஜூலை முதல் குரோம் அப்படிப்பட்ட தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று முகவரிக்குப் பக்கத்திலேயே காட்டுகிறது.

தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இலவசம், அதற்கான நல்ல தீம்களும் (தளத்தின் தயார் தோற்ற வடிவங்கள்) இலவசமாகவே கிடைக்கின்றன. காசு கட்ட வேண்டிய தீம் ஒன்றை யாரோ உடைத்து இலவசமாகப் போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்படியொரு தீம் போட்ட தளத்தை ஒருமுறை நான் சுத்தம் செய்தேன். உரிமையாளர் திறந்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். கூகுளில் தேடி வருபவர்களுக்கு மட்டும் மாத்திரை விற்கும் பக்கங்கள் திறக்கும். பல வாரம் அவருக்கு இது தெரியவே இல்லை.

விக்ஸ் போன்ற பில்டர்களில் நீங்களே இழுத்து வைத்துத் தளம் செய்துவிடலாம். அவசரத்துக்கு நல்ல வழிதான். ஆனால் அங்கே கட்டிய தளத்தை அப்படியே இன்னொரு ஹோஸ்டிங்குக்கு எடுத்துப்போக முடியாது, சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு போனால் தப்பில்லை.

நான் பார்த்தவரை, முதல் தளம் பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பணம் இல்லை. எழுத வேண்டியதை யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். டிசைனர் காத்திருப்பார், உரிமையாளர் வேலையில் இருப்பார், மாதங்கள் ஓடிவிடும். என்னிடம் வருபவர்களுக்கு ஒரு வாரம் டைம் கொடுத்து, வாடிக்கையாளர்கள் போனில் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்வேன். எவ்வளவு நாளில் கிடைக்கும், சின்ன ஆர்டர் எடுப்பீர்களா, பழுதானால் மாற்றித் தருவீர்களா... அந்தக் கேள்விகளும் பதில்களும்தான் உங்கள் தளம். காசு கொடுத்து எழுதி வாங்கும் "தரமே எங்கள் தாரக மந்திரம்" வகை வரிகளை யாரும் படிப்பதில்லை.

படமும் அப்படித்தான். ஜன்னல் வெளிச்சத்தில் உங்கள் பொருளை உங்கள் போனில் எடுங்கள். கூகுள் தேடலில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் இன்னொருவருக்கு உரிமையானவை. பின்னாளில் நஷ்டஈடு கேட்டுக் கடிதம் வரலாம். போன் படங்கள் பல எம்பி அளவில் இருக்கும், அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும்.

ஆன்லைன் கடை, சாட் பாக்ஸ், அனிமேஷன் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் வருடத்துக்கு நாலைந்து பக்கம் போதும். போன் நம்பரைத் தொட்டால் கால் போக வேண்டும், தளம் போனில் ஒழுங்காகத் தெரிய வேண்டும். கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலுக்குக் கட்டணம் கிடையாது, அதையும் உங்கள் கணக்கிலேயே தொடங்குங்கள்.

ஆள் வைத்துச் செய்தால் பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். ஹோஸ்டிங் லாகின், தளத்தின் அட்மின் லாகின், முழு பேக்கப், மூன்றும் கைக்கு வந்து, நீங்களே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். என் வாடிக்கையாளர்களிடமும் இதையே சொல்கிறேன். பேக்கப்பின் ஒரு பிரதி சர்வருக்கு வெளியே, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

ஏற்கெனவே டொமைன் வேறொருவர் கணக்கில் இருக்கிறதா? அவரோடு உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, வேலை சுலபம் என்றுதான் தங்கள் கணக்கில் போடுகிறார்கள். ஒரே பதிவு நிறுவனத்துக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது பெரும்பாலும் சில நிமிட வேலை. வேறு நிறுவனத்துக்கு மாற்ற, டொமைன் மாறாமல் தடுக்கும் லாக்கை அவர் எடுத்துவிட்டு, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடைத் தர வேண்டும். டாட் காம் போன்றவற்றைப் புதிதாகப் பதிவு செய்த முதல் 60 நாட்களில் பொதுவாக மாற்ற முடியாது. மாறிய பிறகு பதிவு விவரத்தில் பெயரும் இமெயிலும் உங்களுடையவைதானா என்று திறந்து பார்த்துவிட்டு, ஆட்டோ ரினியூவலை ஆன் செய்யுங்கள்.